புலிப்பொறியும் பெட்ரோல் ரசீதும்

சென்னைத் தமிழுக்கு எரியெண்ணெய் கொடுத்த சொற்கள் இரண்டு. ஒன்று ‘கிருஷ்ணாயில்’. கெரசின் ஆயில் என்ற ஆங்கிலத் தொடர் தெருவில் புழங்கிப் புழங்கிக் கண்ணபிரானின் பெயரைப் பெற்றுவிட்டது. மற்றொன்று ‘எம்டன்’. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் அப்பெயர் கொண்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளே அதன் முதற்குறி. தொட்டிகள் பற்றியெரிந்தன. மறுநாளிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு வெளியேறத் தொடங்கினர். கப்பல் இருளில் மறைந்துவிட்டது. ‘அவன் சரியான எம்டன்’ என்ற வழக்கு மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது.

கோட்டையை விடுத்து எண்ணெய்த் தொட்டியைக் குறிபார்த்த அந்த மாலுமிக்குப் புரிந்திருந்த ஒன்றை, அரசுகளும் விரைவிலேயே புரிந்துகொண்டன. எண்ணெய் இல்லாமல் ஒரு நகரம் இயங்க முடியாதென்றால், எண்ணெய் நிற்கும் இடமே வரி வாங்கவும் ஏற்ற இடம். இந்தியாவில் மோட்டார் ஸ்பிரிட் என்று அன்று அழைக்கப்பட்ட பெட்ரோலின்மீது 1917ஆம் ஆண்டுச் சட்டம் காலன் ஒன்றுக்கு 6 அணா தீர்வை விதித்தது. போர்க்காலச் சிக்கனம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். போர் அடுத்த ஆண்டே முடிந்தது. தீர்வை முடியவில்லை.

நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட இந்தக் கதையை நம் ஊரில் நின்றபடியே, உலகத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. பெட்ரோல் விலை பற்றிய நம் உரையாடல்கள் பெரும்பாலும் ‘அங்கே என்ன விலை, இங்கே என்ன விலை’ என்பதோடு நின்றுவிடுகின்றன. அங்கே ஏன் அந்த விலை, இங்கே ஏன் இந்த விலை என்னும் கேள்வி நம்மை வேறு இடங்களுக்கு அழைத்துச் செல்லும்.

*

சாலைக்காக வரி என்ற வாக்குறுதியிலிருந்து தொடங்குவோம். பிரிட்டனில் லாயிட் ஜார்ஜ் 1909ஆம் ஆண்டு பட்ஜெட்டில் காலனுக்கு 3 பென்ஸ் பெட்ரோல் வரி விதித்தபோது, அந்த வருவாய் சாலைகளுக்கே செல்லும் என்று உறுதி கூறினார். பின்னர் மோட்டார் வாகனங்களின் வருவாயால் வளர்ந்த சாலை நிதியில் 1926இல் கைவைத்தவர் நிதியமைச்சராயிருந்த சர்ச்சில். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம் 1919இல் காலனுக்கு ஒரு சென்ட் வரி போட்டதும் சாலையின் பெயரால்தான். இந்தியாவில் எம்.ஆர். ஜயகர் தலைமையிலான சாலை வளர்ச்சிக் குழு பெட்ரோலுக்குக் காலனுக்கு 2 அணா கூடுதல் வரி போடலாம் என்று பரிந்துரைக்க, 1929இல் மத்திய சாலை நிதி உருவானது. இன்று நாம் கட்டும் ‘சாலை மற்றும் உட்கட்டமைப்பு செஸ்’ஸின் கொள்ளுப்பாட்டன் அந்த 2 அணா.

அதுவரை பெட்ரோல் வரி மத்திய அரசின் சொத்து. மாகாணங்களுக்கு அதில் பங்கு கேட்கும் ஆசை வந்தது 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. மத்திய மாகாண-பேரார் அரசு 1938இல் பெட்ரோலின் சில்லறை விற்பனைமீது 5 சதவிகித வரி விதித்தது. இது விற்பனை வரியல்ல, எங்களுக்குரிய கலால் வரியே என்று மத்திய அரசு வாதிட்டது. புதிதாக அமைந்த ஃபெடரல் நீதிமன்றத்தின் முன் இவ்வழக்கு வந்தது. உற்பத்தியாளரிடம் வாங்குவது கலால், கடையில் விற்கும்போது வாங்குவது விற்பனை வரி, ஆகவே மாகாணத்துக்கு உரிமை உண்டு என்று அது தீர்ப்பளித்தது. அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒருவர், முன்பு 2 அணா வரியைப் பரிந்துரைத்த அதே ஜயகர். ஒரே லிட்டருக்கு இரண்டு அரசுகள் வரி வாங்கும் வழக்கத்துக்குச் சட்டத்தின் முத்திரை கிடைத்தது அன்றுதான்.

சென்னை மாகாணம் காத்திருக்கவில்லை. பின்னாளில் தியாகராய நகர் பஸ்லுல்லா சாலைவாசியாக நகரம் அறிந்த ராஜாஜி அப்போது மாகாணப் பிரதமர்; நிதித்துறையும் அவரிடமே. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியிருந்தார். சாராயத்திலிருந்தும் கள்ளிலிருந்தும் வந்த வருவாய் மாகாணக் கருவூலத்தின் பெருந்தூண்களுள் ஒன்று. தூணை எடுத்தால் வேறொன்றை முட்டுக் கொடுக்க வேண்டும். 1939இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, பெட்ரோல் விற்பனைக்கென்றே தனி வரிச் சட்டம். மற்றொன்று, இந்தியாவின் முதல் பொது விற்பனை வரிச் சட்டம். குடிப்பவன் கட்டிய பணத்தை இனி வாங்குபவன் கட்டட்டும் என்பது அதன் உட்பொருள். ஒழுக்கம் சார்ந்த ஒரு முடிவுக்கு அவர் நேர்மையாகவே ஒரு விலைச்சீட்டைக் கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மதுவும் பெட்ரோலும் இப்படி ஒரே மூச்சில் பேசப்பட்டதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இந்த இரட்டையர் பின்னால் மீண்டும் வருவார்கள்.

*

இனி உலகம். கச்சா எண்ணெய்க்கு ஏறத்தாழ ஒரே சந்தை விலைதான். பீப்பாய் ஒன்றை நார்வேயும் சிங்கப்பூரும் இலங்கையும் பெரிய வேறுபாடின்றியே மதிப்பிடுகின்றன. பங்க்கில் வந்து சேரும்போது மட்டும் விலைகள் மலைக்கும் மடுவுக்குமாய் விலகிவிடுகின்றன. இந்த விலகலில் பெரும்பகுதி வரி. சில நாடுகளில் மானியம். ஆகவே ஒரு நாட்டின் பெட்ரோல் விலையைப் படிப்பது, அந்நாட்டின் அரசுக்கும் குடிகளுக்கும் இடையிலான உடன்படிக்கையைப் படிப்பதுதான்.

மணலி சுத்திகரிப்பு ஆலையை எடுத்துக்கொள்வோம். 1965இல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமாக்கோவும், ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸைத் தொடங்கின. 1969இல் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈரானியக் கச்சா எண்ணெயை நம்பியே அது திட்டமிடப்பட்டது. டிராம் வண்டிகள் 1953 ஏப்ரலோடு நின்றுபோன சென்னையில், மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் பேருந்து ஓட்டும் டீசலுக்கு நகரின் வடகோடியிலேயே ஓர் ஊற்று கிடைத்தது.

அதே ஈரானில் எண்ணெய் மண்ணின் சொத்து. ஆகவே மலிவாகக் கிடைப்பது பிறப்புரிமை என்பது மக்களின் எண்ணம். வேறு உரிமைகளைத் தராத அரசு இந்த ஒன்றைத் தந்து அமைதியை வாங்கிக்கொண்டது. 2007 ஜூனில் ரேஷன் அறிவித்த இரவிலேயே தெஹ்ரானில் பெட்ரோல் நிலையங்கள் கொளுத்தப்பட்டன. 2019 நவம்பரில் விலையை உயர்த்தியபோது எழுந்த போராட்டங்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அம்னெஸ்டி அமைப்பு பதிவு செய்தது. வெனிசுலாவும் இப்படித்தான். 1989 பிப்ரவரியில் எரிபொருள் விலையும் பேருந்துக் கட்டணமும் உயர, காரகாஸ் நகரம் கலவரத்தில் மூழ்கி நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். மலிவு விலை என்பது எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்கு இவை சான்று.

எதிர்முனையில் நார்வே நிற்கிறது. கடலடியில் எண்ணெய் வளம் கொழிக்கும் நாடு; ஆனால் தன் மக்களுக்கே சென்னையைவிடக் கூடுதல் விலைக்குப் பெட்ரோல் விற்கிறது. 1991 முதல் கரிம வரியும் உண்டு. எண்ணெய் வருவாய் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நிதியத்தில், இன்னும் பிறக்காத பேரக்குழந்தைகளுக்கும் சேர்த்துச் சேமிக்கப்படுகிறது. அங்கே மக்கள் முணுமுணுப்பார்கள்; பங்க்கைக் கொளுத்துவதில்லை. கட்டிய வரி பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் கண்முன் நிற்பது அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். பிரான்சில் 2018 நவம்பரில் மஞ்சள் மேலங்கி அணிந்து தெருவுக்கு வந்தவர்கள், எரிபொருள் வரி உயர்வைத்தான் முதலில் எதிர்த்தனர். செல்வந்தர்களுக்கான சொத்து வரியை அரசு அண்மையில்தான் பெருமளவு தளர்த்தியிருந்தது. வரியின் கனத்தைவிட, அது யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதே அவர்களை உறுத்தியது.

நம்மவர் வாழும் ஊர்களுக்கு வருவோம். சிங்கப்பூரில் பெட்ரோல் விலை சென்னையைவிட மிக அதிகம். பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் அரசு மானியத்தால் மிகக் குறைவு. ரான் 95 ரகம் 2021 முதல் 2025 வரை லிட்டர் 2.05 ரிங்கிட்டிலேயே நின்றது. எனவே சிங்கப்பூர் அரசு ஒரு விதி செய்தது. எல்லை தாண்டும் சிங்கப்பூர் வண்டியின் தொட்டி பாதியாவது நிரம்பியிருக்க வேண்டும் என்று 1989இல் தொடங்கி, 1991இல் முக்கால் ஆக்கியது. மலேசியாவோ 2010 முதல் அயல்நாட்டு வண்டிகளுக்கு மானிய ரகத்தை விற்கக் கூடாதென்றது. அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டுக் காலாப்பட்டில் புதுச்சேரி எல்லை தொடங்கியதும் முதல் பங்க்கில் வண்டியை ஒதுக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சட்டங்களின் உளவியல் உடனே விளங்கும். நம் தொட்டியை அளக்க இன்னும் யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

இலங்கையின் கதை வேதனையானது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் உள்ளிட்ட பொருள்கள் தடைசெய்யப்பட்டன. சில துளி பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறுதிரி இட்டுச் சிறிதளவு எண்ணெயில் எரித்த விளக்கின்கீழ் ஒரு தலைமுறை படித்துத் தேர்வெழுதியது. அங்கே எரிபொருளின் விலை பணத்தில் அளக்கப்படவில்லை. முப்பதாண்டுகள் கழித்து அந்தக் காத்திருப்பு தீவு முழுமைக்கும் வந்தது. 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவிகிதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது உள்ளிட்ட பெரும் வரிச்சலுகைகள், பின்னர் பெருந்தொற்று, அந்நியச் செலாவணி வறட்சி. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. ஜூன் இறுதியில் ஆக்டேன் 92 ரகப் பெட்ரோல் லிட்டர் 470 இலங்கை ரூபாய். அதற்கும் நாள்கணக்கில் வரிசை. வரியைக் குறைப்பது எப்போதும் குடிகளுக்கு நன்மை என்று நம்புகிறவர்கள் இந்த அத்தியாயத்தை ஒருமுறை படிக்க வேண்டும். வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. வரிக் குறைப்பு அவற்றுள் சிறியதன்று.

*

இந்த அளவுகோல்களோடு மீண்டும் நம் பங்க்குக்குத் திரும்புவோம்.

1973 இறுதியில் சில மாதங்களுக்குள் பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கிய அதிர்ச்சிக்குப் பின், எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகியன அரசுடைமையாயின. விலையை அரசே நிர்ணயிக்கும் முறை 2002 மார்ச் வரை நீடித்தது. கார்க்காரரின் பெட்ரோலுக்குக் கூடுதல் விலை வைத்து, கிருஷ்ணாயிலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் அதிலிருந்து ஈடுகட்டுவது அதன் அடிப்படை. அடுப்பெரிக்க அளவுச்சீட்டோடு ரேஷன் கடையில் நின்ற நம் தாய்மார்கள் அறியாமலே, எங்கோ ஓர் அம்பாசிடர் கார் அவர்களுக்குக் கொஞ்சம் பணம் கட்டிக்கொண்டிருந்தது. குறைகள் பல இருந்தாலும் அதுவும் ஓர் உடன்படிக்கை.

பெட்ரோல் விலை 2010 ஜூனிலும் டீசல் விலை 2014 அக்டோபரிலும் சந்தைக்கு விடப்பட்டன. உலகச் சந்தையில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பது புதிய உடன்படிக்கை. 2014 இறுதியில் சந்தை இறங்கியது. அப்போது பெட்ரோல்மீதான மத்தியக் கலால் வரி லிட்டருக்கு 9.48 ரூபாய். 2016 ஜனவரிக்குள் ஒன்பது முறை உயர்த்தப்பட்டு 21.48 ஆனது. 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும், உலகில் எண்ணெய் வாங்க ஆளில்லாதபோது, மேலும் ஏறி 32.98 ஆனது. விலை இறங்கியபோதெல்லாம் அந்த இறக்கத்தில் பெரும்பகுதியை வரி விழுங்கிவிட்டது. மாநிலமும் சும்மா இருக்கவில்லை. 2020 மே மாதத்தில் தமிழக அரசு தன் வரியை மாற்றியமைக்க, லிட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் ஏறியது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது. அடுத்த மாதம் மாநில பட்ஜெட் 3 ரூபாய் குறைத்தது. மத்திய அரசு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலுமாக 13 ரூபாய் குறைத்தது.

இந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் எண்ணை மட்டும் தனியே எடுத்துக் காட்ட விரும்புகிறேன். 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பின் பெட்ரோல்மீதான மத்திய வரி 32.90 ரூபாய். அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் 1.40 ரூபாய் மட்டுமே. மீதமெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்னும் பெயர்களில், பகிர வேண்டாத பெட்டிக்குள். நிதிக்குழு விதித்த 41 சதவிகிதத்தை 1.40க்குப் போட்டால் 57 பைசா. கன்னியாகுமரி முதல் வடகிழக்கு எல்லைவரை அத்தனை மாநிலங்களும் அந்த 57 பைசாவைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் முன்வைத்த வாதத்தின் சாரமும் இந்தப் பகிர்வைப் பற்றியதே. ஜயகர் காலத்து 2 அணா சாலைக்கென வந்தது. இன்று சாலையின் பெயர் மாநிலங்களின் பங்கைக் கழித்துக்கொள்ளவும் பயன்படுகிறது.

இன்னொரு இணைக்கோடும் உண்டு. மயிலாப்பூரையொட்டி ஓடும் டி.டி.கே. சாலைக்குப் பெயர் தந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நிதியமைச்சராக 1957இல் செல்வ வரியைக் கொண்டுவந்தார். பெருஞ்செல்வம் வைத்திருப்பவர் அதன்பொருட்டே ஆண்டுதோறும் ஏதேனும் கட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. 2015 பட்ஜெட்டில் அவ்வரி நீக்கப்பட்டது. வசூலிக்கும் செலவு அதிகம், கிடைப்பது குறைவு என்றார்கள். பெட்ரோல் வரி படிப்படியாக உயர்ந்துகொண்டிருந்த அதே காலம் அது. செல்வரின் வீட்டுக்குள் சென்று கணக்குக் கேட்பது கடினம். பாண்டி பஜார் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகும் பெண்ணின் ஸ்கூட்டர் தானாகவே பங்க்குக்கு வந்துவிடுகிறது. அவருக்கும் ஆழ்வார்பேட்டைப் பெருவண்டிக்காரருக்கும் லிட்டருக்கு ஒரே வரி.

வெறும் விலையை ஒப்பிடுவது போதாதென்பதும் இதனால்தான். அமெரிக்காவில் 1993இல் காலனுக்கு 18.4 சென்ட் என்று நிர்ணயித்த மத்திய வரி முப்பது ஆண்டுகள் கடந்தும் உயரவில்லை. 2024இல் அங்கே லிட்டர் விலை சென்னையின் 100 ரூபாயைவிடக் குறைவு. தலைக்குரிய உற்பத்தியோ நம்மைப்போல் முப்பது மடங்கு. ஒரு லிட்டருக்காக எத்தனை நாழிகை உழைக்க வேண்டும் என்று கணக்கிட்டால்தான் ஒப்பீடு பொருள்படும். அந்தக் கணக்கில் உலகின் மிகுந்த விலை கொடுப்போர் வரிசையில் நாம் நிற்கிறோம்.

*

அப்படியானால் ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்துவிடலாமே என்பார்கள். இங்கேதான் நம் இரட்டையர் திரும்பி வருகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களின் விற்பனை வரி உரிமையை ஏறக்குறைய முழுவதும் எடுத்துக்கொண்டது. மாநிலப் பட்டியலின் 54ஆம் இனத்தில் எஞ்சியவை கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள், குடிப்பதற்கான மது. அவ்வளவே. 1939இல் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று என்று ராஜாஜி நிறுத்திய இரண்டும் இன்று ஒரே வரியில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. தன் முடிவில் தானே விகிதம் நிர்ணயிக்க ஒரு மாநிலத்துக்கு எஞ்சிய பெரிய வாய்ப்புகள் டாஸ்மாக் கடையும் பெட்ரோல் பங்க்கும். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் பெட்ரோலைச் சேர்க்க இது தருணமன்று என்று முடிவு செய்ததில் வியப்பில்லை. எல்லாக் கட்சிகளின் அரசுகளுக்கும் அந்த மௌனத்தில் பங்குண்டு.

வரி கூடாதென்பது என் வாதமன்று. அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டும் வரி வேண்டாம் என்று சொல்லவில்லை. யானை வயலில் தானே புகுந்து உண்பதற்கும், அறுத்த நெல்லைக் கவளமாக்கி ஊட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் சொன்னது. புகையும் நெரிசலும் மண்டிய நகரத்தில் பெட்ரோலுக்கு வரி வேண்டும். அதில் பேருந்துகள் கூடினால் இன்னும் நன்று. ஆனால் எடுப்பது எவ்வளவு, எடுப்பவர் யார், போவது எங்கே என்பது கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அத்தகைய பெயருக்கு ஆசைப்படும் நிதியமைச்சர் இனி வருவாரென்று தோன்றவில்லை. அவனுக்கும் முற்பட்ட ஒரு வழக்கத்தையாவது கேட்டுப்பெறலாம். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர்கள் பண்டங்களை அளந்து புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மூட்டையைப் பார்த்தாலே எவருடைய முத்திரையின்கீழ் அது வெளியேறுகிறதென்று தெரிந்துவிடும். நம் பங்க்குகளில் தரும் ரசீதிலோ லிட்டர், விலை, தொகை மட்டுமே இருக்கின்றன; வரியின் சுவடே கிடையாது. உணவகத்தில் இரண்டு இட்லிக்குக்கூட மத்திய வரி, மாநில வரி என்று பிரித்து அச்சிடும் நாட்டில், அதைவிடப் பன்மடங்கு வரி சுமக்கும் பெட்ரோலுக்கு அந்த மரியாதை இல்லை. மத்திய அரசுக்கு இவ்வளவு, அதில் பகிரக்கூடியது இவ்வளவு, மாநிலத்துக்கு இவ்வளவு என்று மூன்று வரிகள் அந்தச் சிறுதாளில் ஏறினால் விலை ஒரு பைசாவும் குறையாது. ஆனால் 57 பைசா என்றால் என்னவென்று நாடு முழுவதும் ஒரே நாளில் தெரிந்துவிடும்.